தாண்டியாச்சு என்று ஒரு மிஸ்டு கால்

1

காலை பத்தரை மணி ஆனால் எனக்குப் பயம் வந்துவிடும். மெல்போர்னுக்கு வந்து இந்த மாதத்தோடு பதின்மூன்று வருடம் முடிகிறது. குளிர் பழகிவிட்டது, சாப்பாடு பழகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் பெயரை ஒருவழியாகச் சரியாகச் சொல்லவும் பழகிவிட்டது. பத்தரை மணி மட்டும் பழகவில்லை. இங்கே பத்தரை என்றால் தர்மபுரியில் காலை ஆறு. அந்த நேரத்தில் என் தங்கை செல்வி, கையில் பால் கேனோடு நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்டுவாள்.

எங்கள் ஊர் தொப்பூர் கணவாய் இறங்கி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும். வீடுகளும் விவசாயக் காடுகளும் ரோட்டுக்குக் கிழக்கே. பால் சொசைட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் மேற்கே. நடுவில் நாலு வழிச் சாலை ஓடுகிறது. ஊர்க்காரர்களே நடுத்திட்டுக் கல்லைப் பெயர்த்து ஆள் நுழைகிற அளவுக்கு வழி செய்துவைத்திருக்கிறார்கள். அதற்கு ‘கேப்பு’ என்று பெயர். எங்கள் ஊருக்கு வருகிற மருமகள்களுக்குக் கோயிலைக் காட்டும் முன்னால் கேப்பைக் காட்டிவிடுவார்கள்.

லாரிக்காரர்கள் சிலர் டீசல் மிச்சமாகட்டும் என்று கணவாயில் நியூட்ரலில் இறங்குவார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூடேறிக் கருகும். முதலில் அந்த வாடை வரும், லாரி அப்புறம் வரும். அதனால் எங்கள் ஊரில் குழந்தைகளுக்கு ரோடு தாண்டக் கற்றுக்கொடுப்பது வலது பக்கம் பார், இடது பக்கம் பார் என்றல்ல. வாடை வந்தால் நில் என்றுதான். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இங்கே எப்போதாவது யாராவது ரொட்டியைக் கருக விட்டால், நடந்துகொண்டிருப்பவன் அப்படியே நின்றுவிடுவேன்.

செல்வி ஆறு மணிக்குத் தாண்டி, பாலை ஊற்றிவிட்டு, திரும்பத் தாண்டி வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரே ஒரு மணி. நான் எடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. எடுத்தால் பேச வேண்டும், அவளுக்கு மாட்டு வேலை கிடக்கும். நான் இங்கே ஊர் பஸ் ஓட்டுகிறேன். ஓட்டும்போது போனைத் தொட்டால் வேலை போய்விடும். அதனால் பதினொரு மணிக்குக் கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கிற தடமாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சக ஓட்டுநர்கள் நான் அந்தத் தடத்தின் மரங்களை ரசிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான் ரசித்ததெல்லாம் ‘செல்வி, தவறிய அழைப்பு’ என்கிற ஒரு வரியைத்தான்.

இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை சட்டப்படி கடிகாரத்தை மாற்றுவார்கள். எல்லோருக்கும் தூக்கம் ஒரு மணி நேரம் இடம் மாறும். எனக்குப் பயம் ஒரு மணி நேரம் இடம் மாறும், அவ்வளவுதான்.

2

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மிஸ்டு கால் வரவில்லை.

பதினொரு மணிக்குப் பார்த்தேன், இல்லை. பதினொன்று ஐந்துக்குப் பார்த்தேன், இல்லை. மணி அடித்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை முருகேசனுக்கு அடித்தேன். அவர் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறவர், வாரம் ஒருமுறைதான் வீடு. “வூட்டுல எடுக்கலிங்களா மச்சான்? நான் பாக்கறேங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் குரலும் என் குரல் மாதிரியே இருந்தது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது. வண்டியை எடுத்தேன்.

அன்று அந்த ஒரு நடையை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. நாலு வருடத்துக்கு முன்னால், செல்வி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த சரோஜாக்கா அடிபட்டுச் செத்துப்போனது அதே கேப்பில்தான். செல்வியும் அவரும் தினமும் சேர்ந்து தாண்டுவார்கள், ஒருவர் வடக்கே பார்ப்பார், இன்னொருவர் தெற்கே பார்ப்பார். அன்று வந்தது லாரி அல்ல, கார். காருக்கு வாடை கிடையாது. செல்வி ஓர் அடி பின்னால் இருந்தாள், அதனால் தப்பித்தாள். அதிலிருந்துதான் இந்த மிஸ்டு கால் ஏற்பாடு.

முதியோர் குடியிருப்பு இருக்கிற நிறுத்தத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக ரோட்டில் கால் வைத்தார். எனக்குப் பக்கத்து வரிசையில் வருகிற வேன் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். கத்தியது தமிழில். “அம்மா, நில்லுங்க” என்று. அவர் நின்றுவிட்டார். வேன் போனதும் என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுத் தாண்டினார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நான் நலமா என்று கேட்டார். நலம் என்று சொன்னேன். இந்த ஊரில் அதற்கு வேறு பதில் சொன்னால் எதிராளி சங்கடப்பட்டுப் போவார்.

3

இனி நான் இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

ரோட்டை நாலு வழியாக்கினபோது எங்கள் ஊருக்கு ஒரு பாலம் வந்தது. ரோட்டுக்கு அடியில் ஆளும் மாடும் போகிற சுரங்கப்பாலம். முதல் வரைபடத்தில் அது சரியாக இப்போது கேப்பு இருக்கிற இடத்தில், ஊருக்கு நேரே இருந்தது. ஆனால் அந்த இடத்தில் இறங்குபாதை போட்டால் எங்கள் கிணற்று மூலை போய்விடும். அறுபது அடிக் கிணறு, பாறையை உடைத்து அப்பா வெட்டினது. இரண்டு ஏக்கர் தக்காளிக்கும் கேழ்வரகுக்கும் அது ஒன்றுதான் தண்ணீர். நஷ்ட ஈடு கொடுப்பார்கள். நஷ்ட ஈட்டை இறைத்துக் காட்டுக்குப் பாய்ச்ச முடியாது என்று அப்பா சொன்னார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்திருந்தேன், டைப்ரைட்டிங் லோயர் பாஸ், கொஞ்சம் திமிரும் இருந்தது. ஆட்சேபனை இருந்தால் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் கொடுக்கலாம், அதை விசாரித்துத்தான் நிலத்தை எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதைப் பேப்பரில் வந்த அறிவிப்பிலிருந்து கண்டுபிடித்தவன் நான்தான். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. எங்கள் கிணறு போகக் கூடாது என்று எழுதினால் ஒரு குடும்பத்தின் மனு. அதற்கு என்ன மதிப்பு? அதனால் வேறு மாதிரி எழுதினேன். ‘மேற்படி இடத்தில் பாலம் அமைந்தால் பொதுமக்களுக்கு யாதொரு பயனும் இல்லை. ஏரிக்கரை அருகே அமைத்தால் விவசாயிகளும் கால்நடைகளும் பெரிதும் பயன்பெறுவர்.’ ஏரிக்கரைப் பக்கம் எந்த விவசாயியும் எந்த மாடும் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினோம். ஆண்களிடம் நான் டீக்கடையில் வாங்கினேன். பெண்களிடம் வீடு வீடாகப் போய் வாங்கி வந்தவள் செல்வி. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பாலம் சீக்கிரம் வேண்டும் என்று மனு என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். படித்த பையன் எழுதிக்கொண்டு வந்தால், அதை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி. சரோஜாக்கா மாவுக் கையைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தாராம். மாவு ஒட்டியிருந்தது அந்த ரேகையில், எனக்கு நினைவிருக்கிறது.

விசாரணை அன்று அதிகாரி ஊரே கேட்கிறதா என்று ஒரு கேள்விதான் கேட்டார். ஊரே கேட்கிறது என்று சொன்னேன். அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. சட்டம் மக்களைக் கேட்கச் சொல்கிறது, அவர் கேட்டார்.

பாலம் எண்ணூறு மீட்டர் தள்ளி ஏரிக்கரைக்குப் போயிற்று. மழைக்காலத்தில் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், வெயில் காலத்தில் ஆடுகள் நிற்கும். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு வந்ததும் ஆறே வருடத்தில் எங்கள் கிணறும் வற்றிவிட்டது. இப்போது அதற்குள் ஒரு வேப்பமரம் வளர்ந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. டீக்கடைக் கப்புகளை அதில்தான் கொட்டுகிறார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் பேச்சு வரும்போதெல்லாம், எவனோ ஏசி ரூமில் உட்கார்ந்து ஏரிக்குள் பாலத்தை வைத்திருக்கிறான் பார் என்பார்கள். லீவில் போயிருந்தபோது நானும் அங்கே உட்கார்ந்து தலையை ஆட்டியிருக்கிறேன்.

4

மிஸ்டு கால் வராமல் போனதற்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் வீட்டுக்கு மாநகர மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நாலு பக்கம். அந்த முதியோர் குடியிருப்பு நிறுத்தத்தில் பாதசாரிகள் ரோட்டைத் தாண்டக் கடவை அமைக்கலாமா, குடியிருப்பவர்கள் கருத்தைச் சொல்லலாம் என்று. என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. பள்ளியில் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று ஒரு பாடம் இருக்கிறது அவளுக்கு. கடிதத்தை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, நீதான் டெய்லி அங்க பஸ் ஓட்டறே. நீ எழுதினா லிசன் பண்ணுவாங்க” என்றாள்.

யோசிக்கலாம் என்றேன். அவள் விடவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு என்னைப் போன் செய்ய வைத்தாள். எதிர்முனையில் ஒரு பெண் அன்பாகப் பேசினார். நடைபாதை எங்களுடையது, நடுவில் இருக்கிற பெரிய ரோடு மாநில அரசுடையது, நிறுத்தக் கம்பம் போக்குவரத்துத் துறையுடையது, மூன்று பேரும் ஒப்புக்கொண்டு, அவரவர் நிதியாண்டில் இடம் இருந்தால்தான் கடவை வரும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்தும் எங்கள் ஊராட்சித் தலைவரே எதிர்முனையில் பேசுகிறார் போலிருந்தது.

சரோஜாக்கா போன பிறகு கேப்புக்கு ஒரு விளக்காவது போடுங்கள் என்று ஊர் தலைவரிடம் கேட்டது. அவர் நல்ல மனிதர், நிஜமாகவே அலைந்தார். ஊராட்சி நிதி ஊராட்சி எல்லைக்குள்தான் செல்லும், நெடுஞ்சாலையின் நடுத்திட்டு டெல்லிக்குச் சொந்தம், அதில் கம்பம் நட வேண்டுமென்றால் அங்கிருந்து அனுமதி வர வேண்டும் என்று தெரிந்தது. மேலே எழுதினார். பதில் வரவில்லை. கடைசியில் எல்லைக்கு உள்ளே, ஊர்ப் பக்கம் திருப்பி ஒரு விளக்கு போட்டார். இப்போது அது பிள்ளையார் கோயில் சுவரை நன்றாகக் காட்டுகிறது, கேப்பு இருட்டாகத்தான் இருக்கிறது. ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். பால் கேனோடு போகிறவள் ஒருத்திதான்.

யாழினி ஒரு தாளில் எங்கள் குடும்பத்தின் கருத்து என்று எழுதிக் கொண்டுவந்து பேனாவையும் நீட்டினாள். நான் பேனாவை வாங்கவில்லை. முழுவதும் படித்தாயா, நாலு பக்கத்தையும் படித்தாயா என்று கேட்டேன்.

“படிக்காம எப்படிப்பா சைன் பண்றது?” என்றாள், நான் ஏதோ விசித்திரமாகக் கேட்டுவிட்ட மாதிரி.

நான் கையெழுத்துப் போடவில்லை. வேலைக்கு ஏதாவது பிரச்சினை வரலாம் என்று ஒரு பொய்க் காரணம் சொன்னேன். அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, நீ எதற்கும் பயப்படுகிறாய் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் கோபம் வந்தால் தமிழில்தான் திட்டுவாள். அதுவும் இப்போது இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

5

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் செய்தி இல்லை. முருகேசன் மாப்பிள்ளை ஓசூரிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார். அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: கேப்பில் ஏதோ கலாட்டா, போலீஸ் வந்திருக்கிறது, ரோடு அடைத்திருக்கிறது. அதற்கு மேல் தெரியவில்லை. என் மனைவி சாப்பாடு வைத்தாள். கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். செல்வியின் முகத்தை நினைக்க முயன்றேன், சரோஜாக்காவின் கட்டைவிரல்தான் வந்தது. கடவுளே, அவளை மட்டும் விட்டுவிடு, நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பயந்தவன் பேரம்தான் பேசுவான்.

ஏழரை மணிக்குப் போன் வந்தது, தெரியாத எண். ஊரில் அப்போது மாலை மூன்று.

“அண்ணா, நான் நல்லாத்தான் இருக்கேன். மொதல்ல அத கேட்டுக்கோ” என்றாள் செல்வி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் காத்திருந்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். விடியற்காலையில் கிரேன் கொண்டுவந்து கேப்பைக் கான்கிரீட் கட்டைகளால் அடைத்திருக்கிறார்கள். விபத்து நடக்கிற இடங்களை அடைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. பாலோடு போன பெண்கள் தாண்ட முடியாமல் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கேன்களையும் வரிசையாக வைத்துவிட்டார்களாம். இரண்டு பக்கமும் லாரிகள் நின்றுவிட்டன. போலீஸ் வந்து எல்லோரையும் வண்டியில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தது. மத்தியானம் எலுமிச்சை சாதம் கொடுத்தார்களாம். செல்வியின் போன் வீட்டில் கிடந்தது; இது பக்கத்து வீட்டுப் பெண்ணுடைய போன்.

அங்கே வருவாய்த் துறையிலிருந்து ஓர் அதிகாரி பேச்சுவார்த்தைக்கு வந்தார். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், ஊருக்கு நேரே பாலம் கட்டுங்கள், நாங்கள் ஏன் ரோட்டைத் தாண்டப் போகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு பழைய கோப்பை எடுத்துவரச் செய்திருந்தார். அதிலிருந்து ஒரு காகிதத்தைப் படித்தார். உங்கள் ஊரேதான் இங்கே பாலம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது, நாற்பத்து மூன்று கையெழுத்து, இதை வைத்துக்கொண்டு நான் மேலே எப்படி நிதி கேட்பேன் என்றார். காகிதத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். இது என் கையெழுத்து, இது எங்கள் மாமியார் ரேகை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யார் எழுதியது என்று யாருக்கும் நினைவில்லை.

நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

“அவரு படிக்கப் படிக்க எனக்கு அடுத்த வரி தெரிஞ்சுதுண்ணா” என்றாள் செல்வி. “நான் அன்னிக்கே படிச்சிருந்தேன். பத்தாவது படிச்சேன்ல, எனக்குப் படிக்கத் தெரியாதா?”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யாருகிட்ட சொல்றது? கெணறு போயிட்டா சோத்துக்கு என்ன பண்றதுன்னு எனக்கும் பயந்தான். சரோஜாக்கா போனப்பவாவது சொல்லியிருக்கணும். வாய் வரல. நீ அங்க போய் உக்காந்துட்டு தெனம் பயந்துட்டு கெடப்பேன்னு தெரியும். அதுக்குத்தாண்ணா மிஸ்டு கால். எனக்காகவா குடுத்தேன்?”

இருபது வருடமாக நான் ஒளித்துவைத்திருப்பதாக நினைத்தது அவள் கையில் இருந்திருக்கிறது. அவள் அதை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு முறை அந்த ரோட்டைத் தாண்டியிருக்கிறாள். தாண்டிவிட்டு, எழுதினவனுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாள்.

பேச்சுவார்த்தையில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கட்டையை நகர்த்தித் தருவார்கள். புதுப் பாலத்துக்குக் கிராம சபையில் பழைய மனுவைத் திரும்பப் பெற்று, அது ஏன் கொடுக்கப்பட்டது என்ற விளக்கத்தோடு தீர்மானம் போட வேண்டும். நிலத்துக்காரர்கள் சம்மதமும் வேண்டும். நிலம் அதே கிணற்று மூலைதான். அதன் பிறகு தீர்மானம் தர்மபுரி போய், சென்னை போய், டெல்லி போய், எந்த வருடத்து நிதியிலாவது இடம் பிடிக்க வேண்டும்.

“மனு நான் எழுதிட்டேன். பட்டாவுல உம்பேரும் இருக்குது. கையெழுத்துப் போட்டு அனுப்பு” என்றாள். அப்புறம், “இந்தத் தடவ படிச்சுப் பாத்துட்டுப் போடு” என்றாள்.

6

மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது. கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம். செல்வியின் எழுத்து இன்னும் பத்தாம் வகுப்பு எழுத்துதான், உருண்டை உருண்டையாக. அதில் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது: ‘முந்தைய மனு எங்கள் கிணற்றைக் காப்பாற்றிக்கொள்ள எங்கள் குடும்பத்தாரால் உண்மைக்கு மாறாக எழுதப்பட்டது. கையெழுத்திட்டவர்களுக்கு அதில் உள்ளது தெரியாது.’

உடனே போன் போட்டேன். அந்த வரியை எடுத்துவிடு, தவறுதலாக எழுதப்பட்டது என்று மட்டும் போடு என்று கெஞ்சினேன். எனக்காக அல்ல என்று சொன்னால் பாதி பொய். ஆனால் பாதி நிஜம். நான் இங்கே இருக்கிறேன், என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அவள் அந்த ஊரில் வாழ வேண்டும். சரோஜாக்காவின் வீட்டுக்காரர் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அவர் முகத்தில் அவள் தினமும் விழிக்க வேண்டும். அதே பெண்களோடு சொசைட்டி வரிசையில் நிற்க வேண்டும்.

“ரோட்டுக்குப் பயந்து முடியலண்ணா. இதுல ஊருக்கு வேற பயப்பட முடியுமா?” என்றாள். வரியை எடுக்க மாட்டேன் என்றாள். அது இல்லாவிட்டால் நாற்பத்து மூன்று பேரும் ஊரைக் கெடுத்தவர்கள் என்று கோப்பில் நின்றுபோகும், சரோஜாக்காவும் சேர்த்து என்றாள்.

அதை அச்செடுத்து மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது யாழினி வந்தாள். இரண்டு வாரமாக என்னோடு சரியாகப் பேசாதவள், அத்தையின் எழுத்தைப் பார்த்ததும் நின்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அது என் தப்பு. என்னப்பா இது, படித்துக் காட்டு என்றாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். உட்கார வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினேன். தெரியாத சொற்களை நடுநடுவே கேட்டாள், சொன்னேன். ‘உண்மைக்கு மாறாக’ என்றால் பொய் என்று சொன்னேன்.

“அந்த ஃபர்ஸ்ட் லெட்டர் யாருப்பா எழுதினது?”

நான்தான் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை. இறந்துபோன ஆன்ட்டியும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் எழுந்து மாடிக்குப் போனாள். திரும்பி வரும்போது மாநகர மன்றத்துக்கு எழுதி மடித்துவைத்த தாள் கையில் இருந்தது. அதையும் அத்தையின் மனுவையும் என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். இரண்டையும் படித்தேன். மாநகர மன்றத்துக்கான தாளில் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஊர்த் தாளுக்கு வேலை அதிகம். வெளிநாட்டில் இருப்பவன் சம்மதம் என்றால் தூதரக முத்திரை வேண்டும். டோக்கன் எடுத்து, புகைப்பட அளவு தவறு என்று வெளியே போய் வேறு படம் எடுத்து, மறுபடி வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் என்ன சொத்து என்று கேட்டார். ஒரு கிணறு என்றேன். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். அப்படியானால் என்ன கவலை என்று சொல்லி முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

தபாலில் போட்டுவிட்டேன். கிராம சபை வரும் அக்டோபர் இரண்டாம் தேதி, காலை பதினொரு மணிக்கு. பள்ளிக்கூட வளாகத்தில் நடக்கும், அதாவது ரோட்டுக்கு மேற்கே. செல்வி எழுந்து நின்று அதைப் படிக்கப் போகிறாள். நான் இதை இங்கே எழுதுவது அவள் தனியாகப் படிக்க வேண்டாமே என்றுதான். ஊர்ப் பெயரை எழுதாதது, வெளியாள் யாரும் அந்த நாற்பத்து மூன்று பேரைக் கைகாட்டக் கூடாது என்பதற்காக. எங்கள் ஊர்க்காரர்கள் யார் கண்ணிலாவது இது பட்டால், எழுதினவன் நான், ஊரையே சேர்த்து ஏமாற்றினவன் நான். அவள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்த பள்ளிக்கூடப் பெண். கேட்பதை என்னிடம் கேளுங்கள்.

தீர்மானம் நிறைவேறினாலும் பாலம் உடனே வந்துவிடாது. எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது, வருமா என்பதே தெரியாது. காந்தி ஜெயந்திக்குப் பால் சொசைட்டி விடுமுறை கிடையாது. அன்றும் விடிவதற்குள் ஆறு மணிக்கு, நகர்த்தி வைத்த அந்தக் கட்டைக்குப் பக்கத்தில், செல்வி வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். இங்கே பத்தரை. நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பேன்.